திரு. பாறைமுதுகனின் பணியிட மாறுதல்

இரும்பு பீரோவைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் ஒரு சத்தம் வரும். பல்லில் ஏறி, காதில் இறங்கி, கொஞ்ச நேரம் நெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும். எடை அளவு முத்திரைத் துறையின் தலைமை அலுவலகத்தில் தட்டச்சர் சேர்ந்த அன்று, படியேறும்போதே அவள் காதில் விழுந்தது அந்தச் சத்தம்தான். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பதறி ஓடினாள். ஒன்றுமில்லை, புதிய இயக்குநர் பொறுப்பேற்றிருந்தார். முந்தையவர் காலத்தில் கிழக்குச் சுவரில் இருந்த பீரோ மேற்குச் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் நிர்வாகச் சீர்திருத்தம்.

பிறகு எத்தனையோ இயக்குநர்கள் வந்தார்கள். பீரோவும் சூரியனைப் போலக் கிழக்கிலிருந்து மேற்கே போனது. சூரியனால் முடியாதபடி மேற்கிலிருந்து கிழக்கேயும் வந்தது. கடைக்காரர்களின் தராசுகளுக்கு முத்திரை மட்டும் எப்போதும்போல் தாமதமாக விழுந்தது. அடுத்து வந்த இயக்குநர் ஒரு மாதமாகியும் பீரோவைத் தொடவில்லை. அலுவலகம் கலங்கியது. இதைவிடப் பெரிதாக ஏதோ மனதில் வைத்திருக்கிறார்.

வைத்துத்தான் இருந்தார். கருத்தரங்கு ஒன்றில், கோட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ போட்ட ஒருவர், இனி அலுவலகமெல்லாம் விளையாட்டாகத்தான் நடக்கும் என்று திரையில் படம் போட்டுக் காட்டியிருந்தார். இயக்குநருக்கு அது பிடித்துப்போனது. திரும்பி வந்ததும் தட்டச்சரைக் கூப்பிட்டுச் சுற்றறிக்கை சொன்னார்.

‘அலுவலர்களிடையே கூட்டுமுயற்சியும் விரைந்து முடிவெடுக்கும் ஆற்றலும் பெருகும்பொருட்டு, இணையவழி அரக்க விலங்கு வேட்டை விளையாட்டின் பீட்டா பதிப்பில் இத்துறை பங்கேற்கும் என்று இதன்மூலம் ஆணையிடப்படுகிறது. வேட்டை முடிவில் பட்டியலில் முதலாவதாக நிற்பவர், அவர்தம் விருப்பு வெறுப்பு கருதாமல், துறைமுக ஊர்க் கிளையில் காலியாக உள்ள ஒரே இருக்கைக்கு மாற்றப்படுவார்.’

தட்டச்சரின் விரல்கள் ‘துறைமுக’ என்ற இடத்தில் நின்றுவிட்டன. அவள் கணவன் அந்தத் துறைமுகத்தில்தான் பாரந்தூக்கி ஓட்டுகிறான். மகள் அங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள். குழந்தைக்கு முன்பல் விழுந்ததைத் தட்டச்சர் போனில் பார்த்தாள். மாறுதல் கேட்டு அவள் எழுதிய விண்ணப்பங்கள் ஒவ்வொன்றும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலோடு திரும்பி வரும். அந்தப் பதிலையும் அவளே தட்டச்சு செய்வாள்.

“சார், பீட்டான்னா என்ன சார்?” என்றார் கணக்கர்.

கண்காணிப்பாளர் எங்கேயோ விசாரித்து வந்திருந்தார். “முழுசா முடிக்காத ஒண்ணை ஜனங்க தலைல இறக்கி விட்டுட்டு, குறை இருந்தா எழுதிப் போடுங்கன்னு சொல்றதாம்.”

“அட, நம்ம வேலைதானே!” என்றார் கணக்கர். அலுவலகத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒரு வேட்டைக்கு நால்வர்தான் போகலாம். இயக்குநர், கண்காணிப்பாளர், கணக்கர், தட்டச்சர் என்று குழு அமைந்தது. இயக்குநர் போட்டிக்கு அப்பாற்பட்டவர். பட்டியல் மற்ற மூவருக்கு. கூட்ட அறையில் நான்கு கணினிகளை வைத்து, நேரம் பார்த்து உட்கார்ந்தார்கள். திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. ‘தற்போது கூட்டம் அதிகம். தங்கள் முறை வரும்வரை காத்திருக்கவும்.’

“என்னம்மா இது?” என்றார் கண்காணிப்பாளர்.

“வரிசைல நிக்கச் சொல்லுது சார்.”

“யாரை?”

“நம்மளைத்தான் சார்.”

“நாம யாருன்னு சொன்னீங்களா?”

“சொல்றதுக்கு இடமே இல்ல சார்.”

“கீழ ஏதாவது கவுண்டர் இருக்கான்னு பாருங்க,” என்றார் கணக்கர். “தெரிஞ்சவங்க யாராவது உட்கார்ந்திருப்பாங்க.”

மதியம்வரை காத்திருந்தார்கள். வெளியே வராந்தாவில், முத்திரைக்காகத் தராசுகளை மடியில் வைத்துக்கொண்டு கடைக்காரர்களும் காத்திருந்தார்கள். கதவின் இரு பக்கமும் ஒரே கொட்டாவி.

ஒருவழியாக விளையாட்டின் கதவு திறந்தது. முதலில் அவரவர் வேட்டைக்காரருக்கு முகம் செய்ய வேண்டும். இயக்குநர் தன் முகத்துக்கு ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார். தாடையைக் கூர்மையாக்கினார், தோளை அகலமாக்கினார், இளமையில் இழந்த தலைமுடியை இரட்டிப்பாக மீட்டார். அவரைவிட அடர்ந்த முடி யாருக்கும் இருக்கலாகாது என்பது எழுதப்படாத உத்தரவு. கண்காணிப்பாளர் முன்வழுக்கையோடு நிறுத்திக்கொண்டார். கணக்கர் பாதுகாப்பாக மொட்டையே அடித்துக்கொண்டார்.

ஆயுதங்களும் பதவி வரிசைப்படி பிரிந்தன. ஆளுயர வாள் இயக்குநருக்கு. சம்மட்டி கண்காணிப்பாளருக்கு. கத்தியும் கேடயமும் கணக்கருக்கு. மிச்சமிருந்தது ஓர் ஊதுகொம்பு. அதை ஊதினால் மற்றவர்களுக்கு வீரம் ஏறும் என்று குறிப்பு போட்டிருந்தது. நாலு பேர் சேர்ந்த இடத்தில் ஒருவர் ஊதத்தானே வேண்டும், தட்டச்சர் எடுத்துக்கொண்டாள்.

பயிற்சிக் களத்தில் ஒரு பெண் பொம்மை வந்து, “வாளை ஓங்க இந்தப் பொத்தானை அழுத்துங்கள்,” என்றது.

இயக்குநர் நிமிர்ந்தார். “யார் இந்தப் பொண்ணு, எனக்கு ஆர்டர் போடறது?”

பயிற்சி தவிர்க்கப்பட்டது.

சதுப்புநிலத்தில் அது நின்றுகொண்டிருந்தது. முதுகு முழுக்கப் பாறை, பாறைமேல் பாசி, முகத்தில் இரண்டு தந்தம். பன்றிக்கும் மலைக்கும் பிறந்ததுபோல் இருந்தது. தலைக்குமேல் ‘பாறைமுதுகன்’ என்று பெயர் மிதந்தது. யாரும் இயக்குநரை முந்திக்கொண்டு நடக்கக்கூடாது என்பதால் மூவரும் அவர் பின்னாலேயே போனார்கள். பாறைமுதுகனுக்கு அலுவலக நடைமுறை தெரியாது. நேரே வந்து முட்டியது.

குழுவில் மொத்தம் மூன்று முறை மயங்கி விழுந்தால் வேட்டை தோல்வி. அந்த மூன்றையும் இயக்குநரே எடுத்துக்கொண்டார். அன்றைய அறிக்கையில், ‘இயக்குநர் அவர்கள் மூன்று முறை தரையை நேரில் ஆய்வு செய்தார்கள்’ என்று தட்டச்சர் பதிவு செய்தாள். கொம்பை உரிய நேரத்தில் ஊதாதது ஏன் என்று தட்டச்சரிடம் விளக்கம் கேட்கும் குறிப்பாணையும் போனது. அதையும் அவளே அடித்தாள்.

அதற்குப் பிறகுதான் அவள் பட்டியலைப் பார்த்தாள். யார் எத்தனை பேரை வீழ்த்தினார் என்ற கணக்கு. பாறைமுதுகன், மூன்று. மற்றவர்கள் பூஜ்யம். விலங்கை வீழ்த்துபவர் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே ஏறும் என்று கீழே குறிப்பு.

“சார், விலங்கு பேரே பட்டியல்ல வருது. அது விளையாட்டோட தப்பு. இதோ, குறையைத் தெரிவிக்கன்னு ஒரு பொத்தான்கூட இருக்கு.”

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் ஒரு குறை எழுதினதில்லம்மா. எழுதறது ஊர் வேலை, வாங்கி வைக்கறது நம்ம வேலை. அதைப் போய் மாத்தலாமா?”

கண்காணிப்பாளருக்கும் கணக்கருக்கும் துறைமுக ஊர் என்றாலே ஆகாது. உப்புக்காற்று, வேர்வை, முத்திரை கேட்டு ஓயாமல் வரும் ஜனம். தவறிக்கூட முதலிடம் வந்துவிடக்கூடாதே என்று இருவரும் தூரத்தில் நின்று ஆயுதத்தைக் கூர்தீட்டிக்கொண்டே இருந்தார்கள். சம்மட்டிக்குக் கூர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

தங்கியிருந்த வாடகை அறைக்குத் திரும்பியதும் தட்டச்சர் கணவனைப் போனில் கூப்பிட்டாள்.

“அதை அடிச்சா நீ வீட்டுக்கு வந்துடலாமா?” என்றான் அவன்.

“வந்துடலாங்க. ஆனா என் கைல கொம்புதான் இருக்கு.”

“உங்க இயக்குநரை அடிக்கச் சொல்லியிருந்தா இந்நேரம் மூட்டை கட்டியிருப்பே.”

“சும்மா இருங்க, யாராவது கேட்கப் போறாங்க.”

போன் மகள் கைக்குப் போயிருந்தது. “அம்மா, அது பாவம்மா. அடிக்காதே. நீ சும்மாவே வந்துடு.”

“சும்மா வர முடியாதுடா கண்ணு,” என்றாள் தட்டச்சர். ஏன் என்று மகள் கேட்டாள். அதற்குப் பதில் எந்த விதியில் இருக்கிறது என்று அவளுக்கு நினைவு வரவில்லை.

பீட்டா, கடைசி நாளன்று அலுவலகம் விடும் நேரத்தோடு முடிகிறது என்றார்கள். அன்று கடைசி வேட்டை. இயக்குநர் வழக்கம்போல் முன்னே போனார், வழக்கம்போல் விழுந்தார். பாறைமுதுகன் திரும்பித் தட்டச்சரைப் பார்த்து ஓடி வந்தது. பயத்தில் ஏதோ பொத்தானை அழுத்தினாள். கொம்பு சுழன்று விலங்கின் தாடையில் இறங்கியது.

ஊதுகொம்பால் அடிக்கவும் முடியும்! யாரும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடியும். அழுத்தி அழுத்திப் பழகிய விரல்கள் அவை. ஒரு தந்தம் முறிந்து சேற்றில் விழுந்தது. பாறைமுதுகன் நொண்டிக்கொண்டே ஒரு குகைக்குள் போய், உடம்பைச் சுருட்டிப் படுத்துத் தூங்கிவிட்டது.

“இன்னும் ரெண்டு அடி சார்,” என்றாள் தட்டச்சர். “அடிச்சிடட்டுமா சார்?”

அவள் கேட்டிருக்கவே வேண்டாம்.

“இருங்க, இருங்க,” என்றார் இயக்குநர். “அது தூங்குதா?”

“ஆமா சார்.”

“எந்த இடத்துல?”

“அதோட இடத்துலதான் சார்.”

“அதாவது, பணியிடத்துல.” இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். “பணியிடத்துல தூங்கறவரை நாம தண்டிச்சதா ஒரு பதிவு ஏற்படணுமா?”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இதை ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்னு யோசிக்கணும்,” என்றார் கணக்கர்.

“அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்கறவரை,” என்றார் கண்காணிப்பாளர். “அது சாப்பிட்டுதான்னு முதல்ல தெரிஞ்சாகணுமே. விசாரணை வெக்காம எப்படி?”

தட்டச்சரின் விரல் பொத்தான்மேல் இருந்தது. யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. திரையில் விலங்கின் வயிறு ஏறி இறங்கியது. அழுத்தினால் வீடு. அவள் உத்தரவுக்காக இயக்குநரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசாரணை அதிகாரியாக யாரைப் போடலாம் என்று பேசி முடிப்பதற்குள் திரை இருண்டது. ‘பங்கேற்றமைக்கு நன்றி. தங்கள் சாதனைகள் எதுவும் சேமிக்கப்படமாட்டா.’

பட்டியல் மட்டும் அச்சாகி வந்தது. முதலிடம், பாறைமுதுகன்.

“சார், அது ஆளே இல்ல சார்,” என்றார் கணக்கர்.

“பட்டியல்ல பேர் இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார்.”

“அப்புறம் ஆள் எதுக்கு? சுற்றறிக்கையை மாத்தினா அது தப்புன்னு ஆயிடும். மேலும், அவர் இந்த இடத்தைக் கேட்கவே இல்ல. கேட்காதவருக்குக் கொடுக்கறதுதான்யா நேர்மையான நிர்வாகம்.”

‘திரு. பாறைமுதுகன் அவர்கள் நிர்வாக நலன் கருதி மாற்றப்படுகிறார்’ என்ற உத்தரவைத் தட்டச்சர் பிழையில்லாமல் அடித்தாள். அறைக்குப் போய்க் கணவனிடம் சொல்லி அழுதாள். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினான்.

“சிரிக்காதீங்க. என் இடம் போயிடுச்சு.”

“சரிம்மா, சரி. அதுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?”

“எப்படித் தெரியும்?”

“அப்ப அதுக்கு ஒரு தட்டச்சர் வேணுமில்ல?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலை விண்ணப்பம் மேசைக்குப் போயிற்று. துறைமுக ஊரில் பொறுப்பேற்கவுள்ள அலுவலர் எழுத்துப்பணியில் போதிய அனுபவமில்லாதவர் என்றும், உதவிக்கு ஆள் தேவை என்றும் எழுதியிருந்தாள். “இது நியாயமான கோரிக்கை,” என்றார் கண்காணிப்பாளர். “முன்னாடியெல்லாம் குடும்பம், குழந்தைன்னு எழுதினீங்க. அதுல என்னம்மா இருக்கு?” அன்று மாலையே ஆணை வந்தது.

துறைமுக ஊரில் தட்டச்சர் ஒரு காலி நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். மாலையில் மகளோடு கடற்கரையோரம் நடந்து வீட்டுக்குப் போனாள். வேலை அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“சார் இல்லீங்களா?” என்பார்கள் கடைக்காரர்கள்.

“வெளிய போயிருக்கார். தராசைக் கொடுங்க, நான் முடிச்சுத் தரேன்.”

கொண்டுவந்த அன்றே முத்திரை விழுந்தது. ‘திரு. பாறைமுதுகனுக்காக’ என்று அவள் கையெழுத்துப் போட்டாள். நாளைக்கு வா என்ற பேச்சில்லை. கை நீட்டுவதில்லை, குரல் உயர்த்துவதில்லை. “அதிகாரின்னா இவர்தான்யா! இருக்கிற இடமே தெரியல,” என்று கடைத்தெருவே பேசிக்கொண்டது. வணிகர் சங்கம் ஒரு பாராட்டு விழா எடுத்து, காலி நாற்காலிக்குச் சால்வை போர்த்தியது. இப்படிப்பட்டவர் இன்னும் உயர வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு மனுவும் போட்டது.

தலைமை அலுவலகம் பணிப்பதிவைப் பார்த்தது. புகார் இல்லை. விடுப்பு இல்லை. மேலதிகாரியை எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. எழுத்துப்பணி மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது. திரு. பாறைமுதுகன் ஒவ்வொரு படியாக ஏறினார். இயக்குநர் ஓய்வு பெற்றபோது, அந்தப் பதவிக்கு அவரைவிடத் தகுதியானவர் பெயர் பட்டியலில் வேறொன்றும் இல்லை.

தலைமை அலுவலகத்துக்கு வரும்போது தம்முடைய தட்டச்சரையும் உடன் அழைத்து வரலாம் என்று அந்த உத்தரவிலேயே கனிவோடு சேர்த்திருந்தார்கள்.

அவர் பொறுப்பேற்று ஒரு வருஷமாகிறது. துறையில் யாரும் வித்தியாசம் உணர்ந்ததாகத் தெரியவில்லை. தட்டச்சர் இயக்குநர் அறைக்கு வெளியே உட்கார்ந்து அவருக்காகக் கையெழுத்துப் போடுகிறாள். கணவனும் மகளும் துறைமுக ஊரில் இருக்கிறார்கள்.