சுவர் காய்ந்துவிட்டது, நிச்சயத்துக்கு வரலாம்

அருப்புக்கோட்டை,
3-10-1974

காரியாபட்டி எண்ணெய்ச் செக்கு முதலாளி, உயர்திரு இன்பராஜ் அண்ணாச்சி அவர்களுக்கு, அருப்புக்கோட்டை மிளகாய் வத்தல் கமிஷன் கடை ராஜகுரு வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நான், வீட்டுக்காரி கோகிலாம்பாள், மகள் முத்துலட்சுமி, மேற்குச் சுவர் ஆகிய நால்வரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகமும், தங்கள் மகனான தம்பியின் சுகமும், முக்கியமாகத் தங்கள் அக்கா சுப்பம்மாள் அவர்களின் சுகமும் அறிய ஆவல். சம்பந்தி என்று எழுதத்தான் கை போகிறது. சுவர் காய்ந்த பிறகே அந்தப் பேச்சு என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனதால் அண்ணாச்சி என்று ஆரம்பித்திருக்கிறேன். கடிதம் முடிவதற்குள் மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது.

ஆவணியில் நீங்கள் பெண் பார்க்க வந்து, எல்லாம் பிடித்துப்போய், வெற்றிலை போட்டுக் கிளம்புகிற நேரத்தில், காலில் ஏறிய முள்ளை எடுக்க அக்கா எங்கள் மேற்குச் சுவரில் கை ஊன்றினார்களே, அந்த முள் யார் வீட்டு வேலியில் இருந்து வந்ததென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கையை எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை எல்லாம் ஈரமும் உப்புப் பொடியும். "செவரு அழுகுது இன்பராஜு. செவரு அழுகுற வீட்டுல பொண்ணெடுத்தா, நாளைக்குப் பொண்ணு நம்ம வீட்டுல வந்து ஒக்காந்து அழுகும்" என்று சொன்னார்கள். அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். மூடைக்குள் கைவிட்டு ஈரம் தட்டினால் நானும் அந்த வத்தலை எடுக்க மாட்டேன். ஆனால் இரண்டு வருஷமாக மழை முகம் காணாத ஊரில், குடிதண்ணீர் மாட்டு வண்டியில் வந்து விலைக்கு இறங்குகிற தெருவில், என் வீட்டுச் சுவர் மட்டும் எதைக் குடித்து நனைகிறது என்பதுதான் பிடிபடவில்லை. முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு உரிந்து, செங்கல்லில் உப்புப் பூத்து, நகத்தால் சுரண்டினால் வறுக்கி ரொட்டி மாதிரி உதிர்ந்தது.

முதலில் சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நல்லமுத்துவின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. அவன் குளிக்கிற தண்ணீர் என் சுவரடிக்கு வருகிறதென்று நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டேன். அவன் கோபப்படவே இல்லை. "அண்ணாச்சி, நான் எப்ப குளிச்சேன்னு எம் பொண்டாட்டியக் கேளுங்க. குளிச்ச தண்ணிய முருங்கைக்கு விடுறோம். முருங்கைக்குப் பத்தலைன்னுதான் நான் துண்டையே தொவைக்கல" என்றான். பக்கத்தில் போய் நின்றதும் உண்மை என்று தெரிந்தது. தள்ளி நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்து வீரபத்திரன் கொத்தனார். சுவரைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, சிமிண்டைக் குழைத்து இடுப்பு உயரத்துக்கு அப்பிவிட்டால் ஈரம் உள்ளேயே செத்துப்போகும் என்றார். சிமிண்டுக்கு நான் யார் யாரைப் பிடித்தேன் என்பது தனிக்கதை. அப்பினார். பார்க்க பாங்கிக் கட்டடம் மாதிரி இருந்தது. ஒரு வாரம் போனதும் ஈரம் சிமிண்டுக்கு மேலே நெஞ்சு உயரத்தில் எட்டிப் பார்த்தது. கூப்பிட்டுக் காட்டினால், "கீழ அடைச்சா அது மேலதான மொதலாளி போகும்? இன்னும் ஒரு ஆள் ஒசரம் பூசிருவமா?" என்கிறார். இப்படியே போனால் ஓட்டுக்கூரையையும் சேர்த்துப் பூசவேண்டி வரும் என்று அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் திருச்சுழிப் பக்கத்தில் இருந்து நீரோட்டம் பார்க்கிற உக்கிரபாண்டி வந்தார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு சுவரோரம் நடந்தார். சரக்கறைக்கு நேராக வந்ததும் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்றது. நான் என் கண்ணால் பார்த்தேன் அண்ணாச்சி. சுவருக்கு அடியில் ஊற்று ஓடுகிறது, வற்றாது என்றார். அவ்வளவுதான், தெருப் பெண்கள் வந்து சுவருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். பாளையம்பட்டிக்காரர் ஒருவர் தீவனம் எடுக்காத ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்த, அது சுவரில் பூத்த உப்பை ஒரு மணி நேரம் நக்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் தின்ன ஆரம்பித்துவிட்டதாம். மறுநாள் சந்து நிறைய ஆடு. அக்கா அழுகிறதென்று சொன்ன சுவரை ஆடுகள் சாமி என்றன. எனக்கும் புத்தி தடுமாறியது என்பதை மறைக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே கிணறு வெட்டினால் வத்தலை விட்டுவிட்டுத் தண்ணீர் யாவாரமே பார்க்கலாமே என்று படுக்கையில் கணக்குப் போட்டேன். சரக்கறையில் தோண்டப் போகிறேன் என்றதும் கோகிலாம்பாள் வாசலை மறித்து நின்றுகொண்டு, கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் மண்ணில் கைவைக்கக் கூடாது என்றாள். நிச்சயமே நின்று கிடக்கிறது, கல்யாணம் எங்கே வந்தது என்றேன். பதில் இல்லை. என் வீட்டுக்காரி பதில் சொல்லாமல் நான் பார்த்ததே இல்லை. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

அதற்குப் பிறகு நான் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரின் போக்குவரத்தைப் பார்த்தேன். தண்ணீர் வண்டி வந்த மறுநாள் ஈரம் ஏறுகிறது. வண்டி வராத நாட்களில் இறங்குகிறது. பூமிக்கு அடியில் ஓடுகிற ஊற்றுக்கும் வண்டிக்காரனுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு நாள் கோகிலாம்பாள் கோயிலுக்குப் போன நேரம் சரக்கறையைத் திறந்து, வத்தல் மூடைகளைப் புரட்டினேன். பின்னால், மேற்குச் சுவரை ஒட்டி, மணலில் கழுத்துவரை புதைத்து, வாய்க்குத் துணி கட்டி, வரிசையாக ஏழு மொடாப் பானை. எல்லாவற்றிலும் தண்ணீர். ஒன்றில் விரிசல். சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்தாள், அதையும் மீறிக் கசிந்து, மணல் எல்லாம் சொதசொதவென்று, அந்த ஈரத்தைத்தான் சுவர் உறிஞ்சி வெளியே காட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் புருஷனுக்குத் தெரியாமல் காசில் சிறுவாடு சேர்ப்பது ஊர் அறிந்த விஷயம். தண்ணீரில் சிறுவாடு சேர்த்தவளை நான்தான் கட்டியிருக்கிறேன்.

கோயிலில் இருந்து வந்தவளிடம் கேட்டேன். திருநீற்றை நீட்டிக்கொண்டே சொன்னாள். "வைகாசியில கோயில் கொடை பாக்க வந்துட்டு, காரியாபட்டிக்காரவுக நம்ம வீட்டுக்கு வந்தாகள்ல? கால் கழுவ ஒரு செம்பு கொடுத்துட்டு, எம்புட்டு ஊத்துறாகன்னு அவுக கையவே பாத்துக்கிட்டு நின்னீக. அந்த அக்கா கவனிச்சாக. பாதிக் காலக் கழுவிட்டுச் செம்பக் கீழ வச்சாக. நிச்சயத்துக்கு ஊரே தெரண்டு வரும். எம் மக தலை குனியக் கூடாதுன்னு, என் பங்குத் தண்ணியில மிச்சம் பிடிச்சு வச்சேன்."

நீட்டிய திருநீற்றை வாங்கி நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன். முத்துலட்சுமி உள்ளே இருந்து, "எம் பங்கும் அதுல இருக்கு" என்றாள்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. மொடாக்களை முற்றத்துக்கு மாற்றி, ஈர மணலை அள்ளிக் கொட்டினோம். வீரபத்திரனையே கூப்பிட்டு அவர் பூசிய சிமிண்டை அவர் கையாலேயே கொத்தச் சொன்னேன். உதிர்ந்த செங்கல்லைப் பெயர்த்து மாற்றி, உப்பைத் தண்ணீர் படாமல் துடைப்பத்தால் தட்டி, சுவரை அம்மணமாக வெயிலில் விட்டோம். நம்ம ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசியிலும் அது சும்மா இருக்கவில்லை. பிறகு வெறும் சுண்ணாம்புக் காரை மட்டும் பூசினோம், சுவர் மூச்சுவிடட்டும் என்று. நேற்று ராத்திரி ஒரு சாக்கு வத்தலைச் சுவரோடு அணைத்து வைத்தேன். காலையில் எடுத்து ஒடித்தால் படக்கென்று ஒடிகிறது, உள்ளே விதை கலகலக்கிறது. இதற்கு மேல் ஒரு சுவர் காய முடியாது. அந்த வத்தலில் இரண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அக்கா கையில் கொடுத்து ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்டதும் தேதி எழுதுங்கள். எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு மூடை இறங்கிய மாதிரி இருக்கிறது.

தம்பிக்கு எங்கள் ஆசி. அக்காவுக்கு என் வணக்கமும், கோகிலாம்பாளின் தனி வணக்கமும். உங்கள் செக்கு நிற்காமல் சுற்றட்டும், இரண்டு வீட்டு விளக்கும் அந்த எண்ணெயில் எரியட்டும்.

இப்படிக்கு,
இனிமேல் சம்பந்தி என்றே எழுதப்போகும்,
ராஜகுரு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, கொட்டுகிறது. மேற்குச் சுவர் மட்டும் இல்லை, நாலு சுவரும் நனைந்து ஒழுகுகிறது. முற்றத்து மொடா ஏழும் நிரம்பி வழிகிறது. நல்லமுத்து சந்தில் நின்று குளித்துக்கொண்டிருக்கிறான். உறைக்குள் வைத்த வத்தல் இரண்டும் நமத்துவிட்டது, ஒடிக்க வேண்டாம். கடிதத்தைக் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். காரியாபட்டிப் பக்கமும் மின்னுகிறது. அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு எட்டு வெளியே போய், உங்கள் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து தேதியை எழுதுங்கள். அக்கா இங்கே எத்தனை செம்பு வேண்டுமானாலும் கால் கழுவலாம். நான் பார்க்க மாட்டேன்.