சம்பந்திகள் கடலுக்குப் போனது

இதை எனக்குச் சேஷாத்ரி ஒரு தடவை சொன்னார், இந்திரகுமார் ஒரு தடவை சொன்னார். இரண்டும் ஒன்றுபோல இல்லை. அலை எவ்வளவு உயரம், மீன் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. அவர்கள் பேசாமல் இருந்த இடங்கள்தான் நன்றாக நினைவிருக்கின்றன.

படகு ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் உள்ள கெய்ன்ஸை விட்டுக் கிளம்பிக் கரை மறைந்தபோது சேஷாத்ரியின் கையில் ஒரு தூண்டில் கம்பு இருந்தது. அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்ன சம்மந்தி யோசிக்கிறீங்கள்? உங்களுக்குப் பழக்கம்தானே?" என்றார் இந்திரகுமார்.

"பழக்கம்தான். ஒவ்வொரு கம்பும் ஒவ்வொரு மாதிரி, பாருங்க."

அவர்கள் இன்னும் சம்பந்திகள் ஆகவில்லை. சிட்னியில் சேஷாத்ரிக்குக் கெல்லிவில், இந்திரகுமாருக்கு வென்ட்வேர்த்வில். சேஷாத்ரியின் மகள் யாமினியும் இந்திரகுமாரின் மகன் அனுஷனும் மெல்போர்னில் ஒரே அலுவலகம். கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்திருந்தார்கள். பெரியவர்களின் முதல் சந்திப்புக்கு முன் யாமினி போனில் கெஞ்சினாள்.

"அப்பா, ப்ளீஸ். அனுஷன் வீட்ல நம்மள மாதிரி இருக்க மாட்டாங்க. சாப்பாட்டு விஷயத்துல மூஞ்சியைச் சுளிச்சீங்கன்னா எல்லாம் போச்சு."

அனுஷன் மீன்குழம்பு வைத்து இணையத்தில் படம் போடுகிற பையன். அப்பாவுக்கு ஊர் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணம் என்றால் கடல், கடல் என்றால் மீன் என்று சேஷாத்ரி கணக்குப் போட்டார். அவர் வீட்டில் சில நாட்களில் வெங்காயம்கூடக் கிடையாது. ஆனாலும் மகளுக்காக, இந்திரகுமார் வீட்டில் முதல் மடக்குத் தேநீர் குடித்த உடனேயே சொல்லிவிட்டார்.

"எங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. எனக்குத் தூண்டில் போடறதுன்னா உயிர்."

இந்திரகுமார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நல்லது," என்றார்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. "சம்மந்தி, கெய்ன்ஸிலை ஒரு படகு புக் பண்ணிப்போட்டன். ரெண்டு பேரும் பவளக்கடலுக்குப் போவம். உங்கட ஆசைக்கு."

சேஷாத்ரியின் மனைவி விமலா சிரிப்பை அடக்கவே இல்லை. "ஏன்னா, டார்லிங் ஹார்பர் ஃபெர்ரியிலயே கண்ணை மூடிண்டு உக்காருவேளே!"

"யாமினிக்காகத்தான்."

"நன்னாயிருக்கு. மீனுக்கும் அதைச் சொல்லிடுங்கோ."

படகை ஓட்டியவள் ஜோ, வெயிலில் சிவந்து காய்ந்த ஐம்பது வயதுக்காரி. சேஷாத்ரி அவளிடம் ஒதுங்கிப் போய், இரை இல்லாத வெறும் கொக்கியைப் போட்டுத் தரச் சொன்னார்.

"வெறும் கொக்கியில் மீன் வராதே?" என்றாள் ஜோ.

"வரவே கூடாது. அவரிடம் சொல்லிவிடாதே."

வரவில்லை. ஆனால் இந்திரகுமாருக்கும் வரவில்லை. அவர் இரையை டிஷ்யூ தாளால் எடுத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கொக்கியில் மாட்டினார். பார்க்காமலே மாட்டுகிறாரே, எத்தனை வருஷப் பழக்கமோ என்று சேஷாத்ரி வியந்தார்.

வெகுநேரம் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேஷாத்ரிக்கு அந்த மௌனம் பிடித்திருந்தது. இப்படியே மாலை வந்துவிட்டால் நல்லது என்று இருந்தது.

"உங்களுக்கு ஒண்டும் படேல்லை. எனக்கு மனம் கேக்குதில்லை," என்று இந்திரகுமார் எழுந்தார். எழுந்தவர், இன்னும் ஆழமான இடத்துக்குப் போகும்படி ஜோவிடம் சொல்லிவிட்டார்.

ஆழத்தில் அலை பெரிது. சேஷாத்ரி காலையில் சாப்பிட்ட உப்புமா முழுவதையும் விளிம்பில் குனிந்து கடலுக்குக் கொடுத்தார்.

இந்திரகுமார் அவர் முதுகைத் தடவிவிட்டார். "மீனுக்கு முதல்லை தீனி போடுறீங்களோ சம்மந்தி? இது உங்கட பக்கத்து முறையோ?"

"ஆமா," என்றார் சேஷாத்ரி, வாயைத் துடைத்துக்கொண்டு.

ஒரு மீனாவது கிடைத்தால்தான் இந்த மனிதர் திரும்ப விடுவார் என்று அவருக்குப் புரிந்தது. தள்ளாடியபடி ஜோவிடம் போனார். "இரை போடு. பெரிய இரையாகவே போடு."

பெரிய இரைக்குப் பெரிய மீன் வந்தது. கம்பு சேஷாத்ரியை இழுத்துக்கொண்டு விளிம்புக்குப் போயிற்று. இந்திரகுமார் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். இந்திரகுமாரின் இடுப்பை ஜோ பிடித்துக்கொண்டாள்.

"விட்டுடலாங்க! பாவம், போகட்டும்!"

"விடாதேங்கோ! இது உங்கட உயிரெல்லோ!"

"என் உயிர்தாங்க போகுது!"

மூன்று பேருமாக இழுத்துப் போட்டபோது அது சேஷாத்ரியின் மார்பு உயரம் இருந்தது. வெள்ளியாக மின்னியது. ஜோ இந்திரகுமாரின் போனை வாங்கி, இருவரும் மீனைப் பிடித்தபடி நிற்பதைப் படம் எடுத்தாள்.

"இது என்ன மீனுங்க?" என்று கேட்டார் சேஷாத்ரி.

இந்திரகுமார் அதை நெடுநேரம் பார்த்தார். "கடல்மீன்," என்றார்.

விஷயம் தெரிந்தவர்கள் அதிகம் பேச மாட்டார்கள் என்று சேஷாத்ரிக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

அதற்குள் ஜோ கத்தியை எடுத்திருந்தாள். பச்சை மீனை மெல்லிய துண்டுகளாக அரிந்து, சோயா சாஸில் தோய்த்துத் தட்டை நீட்டினாள். "பிடித்தவருக்கு முதல் துண்டு. என் படகில் அதுதான் வழக்கம்."

சேஷாத்ரி நிமிர்ந்து பார்த்தார். இந்திரகுமார் கண்கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுபத்தொரு வருஷம் என்று நினைத்தார் சேஷாத்ரி. அப்புறம், யாமினி என்று நினைத்தார். துண்டை வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். சிரிக்கவும் செய்தார்.

"எப்பிடி சம்மந்தி?"

"பிரமாதம். நீங்களும் எடுத்துக்கோங்க."

இந்திரகுமார் ஒரு துண்டை எடுத்தார். அது வாய்க்குள் போக வெகுநேரம் ஆனது. அவர் கண்களில் நீர் வந்துவிட்டது. ஊர் ஞாபகம் போலிருக்கிறது, பாவம் என்று சேஷாத்ரி வேறு பக்கம் பார்த்தார்.

"ஓம். நல்லாயிருக்கு," என்றார் இந்திரகுமார். பிறகு கீழறைக்குப் போய்ச் சுருண்டு படுத்துவிட்டார்.

கரை தெரியத் தொடங்கியதும் சிக்னல் வந்தது. ஜோ, தான் எடுத்த படத்தைச் சேஷாத்ரி கேட்டபடி அந்தப் போனிலிருந்தே இரண்டு வீட்டுக்கும் அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் இந்திரகுமாரின் போன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. சேஷாத்ரிதான் எடுத்தார். இந்திரகுமாரின் மனைவி தாட்சாயினி.

"அண்ணையோ? படம் பாத்தனான். உங்களுக்குச் சந்தோஷம்தானே, அது போதும். கோவிக்காதேங்கோ, அந்த மீனை மட்டும் எங்கட வீட்டுக்குக் கொண்டு வந்திடாதேங்கோ. எங்கட குசினிக்குள்ளை இண்டுவரைக்கும் மீன் வந்ததில்லை. இவர் பிறந்ததிலையிருந்து சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். உங்களுக்குப் பிடிக்காமல் போய் மகன்ரை கலியாணம் குழம்பிப்போடும் எண்ட பயத்திலைதான் அவர் கடலுக்கே வந்தவர்."

சேஷாத்ரி கீழறைக்கு இறங்கிப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்பதை இருவருமே எனக்குச் சொல்லவில்லை.

கல்யாணம் நடந்தது. யாமினியும் அனுஷனும் மெல்போர்னின் நோபல் பார்க்கில் வீடு எடுத்திருக்கிறார்கள். மிச்ச மீனை ஜோ எடுத்துக்கொண்டாள். விமலாவும் தாட்சாயினியும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். அந்த இரண்டு துண்டுகளைப் பற்றிச் சம்பந்திகள் இருவரும் தங்கள் மனைவியரிடம் இன்றுவரை சொல்லவில்லை.