பலகைக்கு அடியில் அறுபத்தொரு காசு

அன்பும் மரியாதையும் உள்ள மாமாவுக்கு,

தையல் கடையில் பட்டன் தைக்கிற உங்கள் அக்கா மகள் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்களும் அத்தையும் நலமா என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு உங்களை நலமாக இருக்க நான் விட்டு வைத்தேனா என்று தெரியவில்லை. நேரில் வந்தால் எனக்கு வாயே திறக்காது, அதனால்தான் காகிதம்.

நடந்தது இதுதான் மாமா. எங்கள் கடையின் மரத்தரையில் தையல் மாஸ்டருடைய மிஷின் கால் பொத்தென்று உள்ளே போனது, கூடவே மாஸ்டரும் சாய்ந்தார், பலகைகளைப் பெயர்த்தால் கீழே மண்ணில் பழைய காசு, மொத்தம் அறுபத்தொன்று. அந்தக் காலத்தில் அது மளிகைக் கடையாம். காஜா எடுக்கிற அக்கா "புதையல்டீ!" என்று கத்தினதில் எதிர்க்கடை சலூன்காரர் பாதி சவரத்தில் ஆளை விட்டுவிட்டு ஓடிவந்தார், அந்த ஆளும் நுரையோடு பின்னாலேயே வந்தார். மாஸ்டர் வரப்போகிற பணத்தில் ஏசி மாட்டுவதற்குத் தையல் டேப்பால் சுவரையே அளந்து சாக்பீஸில் கோடு போட்டுவிட்டார். நான்தான் சும்மா இருக்காமல், "எங்க மாமா மியூசியத்துல வாட்ச்மேன்" என்று சொல்லித் தொலைத்தேன். நீங்களும் உங்கள் மியூசியத்துக் காசு அதிகாரி ஐயாவை அனுப்பிவைத்தீர்கள். அதுவும் உங்கள் வேலையை நிரந்தரம் செய்கிற தாளில் அவர் கையெழுத்துப் போடவேண்டிய நேரத்தில்.

பெரிய மனுஷர் வரார், அழுக்குக் காசை எப்படி நீட்டுறது? விருந்தாளிக்குப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி பொடி போட்டுத் தேய்த்தேன். ஐம்பத்திரண்டு பளபளத்தன. பொடி தீர்ந்ததால் ஒன்பது தப்பின. அப்புறம் எங்கள் கடைப் பழக்கம் இருக்கிறதே, பிரிக்கிற துணியில் எந்தப் பட்டன் எங்கே இருந்தது என்று சீட்டு எழுதி மடித்து வைப்பது, அதையே காசுக்கும் செய்திருந்தேன். 'வாசல், இரண்டாம் பலகை', 'உள் மூலை, மேஜைத் தடம்' என்று. தேய்த்த காசை அதனதன் சீட்டிலேயே மடித்து டப்பாவில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஐயா வந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"யாரு இதைத் தேய்ச்சது?"

கடையே என்னைப் பார்த்தது. மாஸ்டர்தான் பரிந்து பேசினார். "நல்லாத்தானே சார் இருக்கு, மூஞ்சியே தெரியுது."

"உங்க மூஞ்சி தெரியுதுய்யா, ராஜா மூஞ்சி எங்கே?"

"சரி சார், எவ்வளவு தேறும்?"

"எல்லாம் சில்லறை. ஒரு கை உப்பு வாங்குற காசு. ஆறு கள்ளக்காசு வேற."

மாஸ்டர் எழுந்து சுவரில் இருந்த கோட்டைத் துடைத்தார். ஐயா டப்பாவைச் சீட்டுகளோடு எடுத்துப் போய்விட்டார். என் கையெழுத்தை எனக்கு எதிரான சாட்சியாகக் காட்டத்தான் என்று நினைக்கிறேன். அவர் கேட்டால், "அது என் அக்கா மகளே இல்லை, ஏதோ ஒன்றுவிட்ட உறவு" என்று சொல்லிவிடுங்கள் மாமா. இனி ஆயுசுக்கும் பழைய காசைத் தொடமாட்டேன், அந்த ஐயா வருகிற தெருவில் நடக்கவும் மாட்டேன்.

அத்தைக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். உங்கள் கோபம் பொடி இல்லாமலே தேயட்டும்.

பணிவுடன்,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள் மாமா. உறையை ஒட்டப்போனேன், வாசலில் ஐயா நிற்கிறார், கையில் என் சீட்டுகள். "காசுல இருக்குறது யாருன்னு சொல்ல ஆள் இருக்கு, எங்கே கிடந்துச்சுன்னு யாரும்மா எழுதி வைக்கிறாங்க?" என்றார். பிறகு, "ஏம்மா, இதுல ஒரு பெரிய காசுகூட இல்லையே, ஏன்?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே, "விழுந்திருந்தா அன்னைக்கே பலகையைப் பேத்து எடுத்திருப்பாங்க சார். சின்னதுக்கு யாரும் மெனக்கெடல" என்றேன். "கள்ளக்காசு ஆறும் கல்லா மேஜை இருந்த மூலையில மட்டும் கிடக்கே?" "ஏமாந்ததை வெளிய சொல்ல வெட்கப்பட்டுக் கடைக்காரரே பலகை இடுக்குல தள்ளிவிட்டிருப்பார் சார். நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்." காஜா அக்கா ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். ஐயா சிரித்தார். பக்கத்துத் தெரு மருந்துக்கடைத் தரையையும் பெயர்க்கிறார்களாம், சீட்டு எழுத என்னை வரச் சொல்கிறார். கூலி உண்டு, பாத்திரப் பொடி மட்டும் கொண்டுவரக் கூடாதாம். உங்கள் தாளிலும் கையெழுத்துப் போட்டாயிற்றாம். திங்கட்கிழமை, "அந்தப் பொண்ணு உன் அக்கா மகளாய்யா?" என்று கேட்பார். ஒன்றுவிட்ட உறவு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.