மருந்து படாத இலைகள்

சொன்ன வேலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்பவனைக் கண்டால், பிள்ளைகளே, தள்ளியே நில்லுங்கள். நான் அந்த வகை. (எட்டாவது வரை படித்தவன். அதுவும் எட்டாவதை மட்டும் இரண்டு முறை.)

என் மகள் செல்வி தஞ்சாவூரில் கல்லூரிக் கடைசி வருடம் படித்தாள். மூலிகை இலைகளின் சாறு கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் ஆய்வு. அதை ஒப்படைத்தால்தான் பட்டம். இலை பறித்துத் தருவது என் பொறுப்பு.

"அப்பா, நொச்சி, ஆடாதொடை, குப்பைமேனி வேணும். ஒப்பிட்டுப் பாக்க நெல் இலையும் வேணும், அதுக்கு எந்தக் குணமும் கெடையாது. எதுலயும் மருந்து படக் கூடாதுப்பா."

"நம்ம வயல்ல இந்தத் தடவ மருந்தே அடிக்கலம்மா."

எங்கள் பூதலூர்ப் பக்கம் மருந்து என்றால் பூச்சிக்கு அடிப்பது. வரப்பு வரப்பாக அலைந்து பறித்தேன். மண்ணும் எறும்புமாக இருந்ததை அப்படியே கல்லூரிக்கு அனுப்புவதா? அண்டாவில் மஞ்சள் தண்ணீர் கரைத்தேன், கொஞ்சம் கெட்டியாகவே. எல்லாவற்றையும் முக்கியெடுத்து நிழலில் உலர்த்தினேன். நெல் இலையை மாடு நக்கிவிட்டதால் அதற்கு மட்டும் இரண்டு முழுக்கு.

நொச்சி கிருமியைக் கொன்றது. குப்பைமேனியும் கொன்றது. செல்வி துள்ளிக் குதித்தாள். எல்லாவற்றையும்விட அதிகமாகக் கொன்றது, எந்தக் குணமும் இல்லாத நெல் இலை.

பேராசிரியை என்னை வரச் சொன்னார்.

"இலையில ஏதாவது மருந்து பட்டுச்சாங்க?"

"சத்தியமா இல்லீங்கம்மா. மஞ்சத் தண்ணியிலதான் கழுவுனேன். சுத்தமா!"

பேராசிரியை செல்வியின் ஆய்வு நோட்டை மூடிவைத்தார். காலில் அரிவாள் பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டுகிறவன் நான். அதுவும் மருந்து என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆய்வை முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார்கள். திரும்பும் ரயிலில் அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "விடுங்கப்பா" என்று மட்டும் சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது. தோழிகள் கறுப்பு அங்கி மாட்டிப் படம் எடுத்துக்கொண்ட அன்று, செல்வி வரப்பில் குனிந்து இலை பறித்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

போன தையில் அவளுக்குக் கல்யாணம். நலங்குக்கு மஞ்சளைக் குழைத்துக் கன்னத்தருகே கொண்டுபோனேன். பாதியிலேயே கையை நிறுத்திக்கொண்டேன்.

"அப்பா, மருந்து படாம வைங்க" என்றாள்.

வீடே சிரித்தது. இப்போது நான் கீரை கொண்டுபோனால்கூட மருமகன் கேட்கிறார்: "மாமா, மருந்து பட்டுச்சா?"

நானும் சிரிக்கிறேன். பிறகு யாரும் பார்க்காதபோது, கையை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.