அழாமல் ரத்தம் கொடுப்பது எப்படி

ஹப்சிகுடா லேபின் வாசற்படியில் ஏறும்போதுதான், மகள் எதையோ மென்றுகொண்டிருப்பதைப் பத்ரிநாராயணன் கவனித்தார்.

"அடியே! வெறும் வயித்தோட வரணும்னு சொல்லியிருக்கா. பிஸ்கட்டா?"

"அம்மாதான் குடுத்தா," என்றாள் ஐந்து வயது ஸ்ரேயா.

மனைவி நீலாவின் மறதியை அவர் பெருந்தன்மையுடன் மன்னித்தார். குழந்தையை மிரட்டாமல் ரத்தம் எடுத்து வர வேண்டும், துணைக்கு நீங்களும் பட்டினி கிடக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். கிடந்தார். குழந்தைகளை அமைதிப்படுத்துவது பற்றி யூடியூபில் உள்ள அத்தனையையும் பார்த்திருந்தார்.

நர்ஸ் சுமலதா நாற்காலியைக் காட்டினாள். ஸ்ரேயா உட்காரவில்லை.

பத்ரி பையிலிருந்து சோப்புக் குமிழி டப்பாவை எடுத்தார். "ஊது கண்ணா. ஊதிண்டே இருந்தா ஊசி தெரியாது."

'ஊசி' என்ற சொல்லை உச்சரிக்கவே கூடாது என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள்.

"ஊசியா? நக்கோ, வேண்டாம்!"

"ஊசி இல்லம்மா, குட்டி எறும்பு."

"எறும்பு கடிக்கும்!"

உடனே செல்போனில் கார்ட்டூன் போட்டார். பார்த்த கார்ட்டூன். ஸ்ரேயாவின் உதடு பிதுங்கியது.

"வலிக்கவே வலிக்காதுடி!" என்றார், வேறு வழியில்லாமல்.

"அப்போ நீ உக்காரு."

பத்ரிக்கு வியர்த்தது. அவர் வேலை பார்க்கும் பாலாநகர் தொழிற்சாலையில் மெடிக்கல் செக்கப் நடக்கும்போதெல்லாம் அவருக்கு வெளியூரில் அவசர வேலை வந்துவிடும். ஆனால் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பின்வாங்கினால் இந்த ஜென்மத்தில் அவள் ஊசியை நம்பமாட்டாள்.

உட்கார்ந்தார். "சிஸ்டர், சும்மா எடுக்கற மாதிரி..."

"பாப்பா நம்பாது சார்."

"அதுவும் சரிதான். நிஜமாவே எடுங்கோ."

சுமலதா அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். பத்ரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். குமிழி வளையம் அவர் வாயருகே வந்தது.

"ஊது அப்பா. ஸ்லோவா. அங்க பாக்காதே."

ஊதினார். குமிழிகள் சுமலதாவின் மூக்குக்கண்ணாடியில் உடைந்தன.

"குட் பாய்," என்றாள் ஸ்ரேயா.

முடிந்துவிட்டது. பத்ரி கண்ணைத் திறந்தபோது கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. போரில் ஜெயித்தவர்போல் எழுந்தார்.

"பாத்தியா? அப்பா அழுதேனா? இப்போ உன் டர்ன். சிஸ்டர், குழந்தைக்கு எடுங்கோ."

சுமலதா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "பாப்பாக்கு டெஸ்டே இல்லியே சார். மேடம் போன்ல உங்க பேருதான் சொன்னாங்க. 'கூட ஒரு சின்னப் பொண்ணு வருவா, அவர் ஓடாம பாத்துப்பா'ன்னாங்க."