வெயிலில் சுடாத கார்

வெயிலில் நின்ற கார் சுடும். கார்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்த அரைகுறை அறிவை வைத்துக்கொண்டு ஒருமுறை என் குடும்பத்தையே சந்தி சிரிக்க வைத்தேன்.

என் கணவர் ரவிக்குப் பலாங்கொடை பஸாரில் ஹார்ட்வெயார் கடை. நான் மலைமேல் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. நாங்கள் வாங்கிய முதல் கார் யாரோ ஓட்டிக் கழித்தது என்றாலும், உள்ளே புதுசு போல இருந்தது. "வெயில் பட்டா டேஷ்போட் வெடிச்சி போகும், சீட்டு வெளுத்து போகும்" என்று அவர் தினமும் புலம்பியதில், நானே களத்தில் இறங்கினேன். ரோஸ் நிறச் சாட்டின் துணியில் டேஷ்போட்டுக்கு உறை, கண்ணாடிகளுக்குத் திரை, சீட்டுகளுக்குப் பாவாடை. எல்லாவற்றுக்கும் சுருக்கு வைத்துத் தைத்தேன். (சுருக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். துணி மிச்சமிருந்தது.)

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். அந்த 'தான்' அப்போது என் காதில் விழவில்லை.

ஒருநாள் பாடசாலை விட்டு டவுனுக்கு இறங்கியிருந்தேன். உச்சி வெயில். அவர் எங்கிருந்தோ காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏறி உட்கார்ந்தால் சீட்டு ஜில்லென்று இருந்தது. ஒரு திரை தலைகீழாக மாட்டியிருந்தது. டேஷ்போட்டின் மேல் ஒரு வெள்ளை அரலியாப் பூ.

"கார எங்கங்க நிப்பாட்டுறீங்க?"

"கடைக்கு முன்னாலதான். வேற எங்க?"

கடைக்கு முன்னால் ஒரு புல்லுக்குக்கூட நிழல் கிடையாது. அன்றிலிருந்து அவர் சட்டையை முகர ஆரம்பித்தேன். சீமெந்து வாசனைதான் வந்தது. அதுவும் சந்தேகமாக இருந்தது. (இவ்வளவு சீமெந்து எதை மறைக்க?)

பாடசாலை விடுமுறையில் ஒருநாள் அவர் குளியலறையில் தாழ்ந்த குரலில் போன் பேசுவது கேட்டது. "நோனா, மம ஹெட்ட எகொளஹட்ட எனவா." நாளைக்குப் பதினொரு மணிக்கு வருகிறாராம். நோனா, அதாவது யாரோ ஒரு சிங்கள அம்மணி வீட்டுக்கு.

என் அண்ணனை வரச் சொன்னேன். அவர் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். துரை பங்களா வாசலில் நின்று கத்திப் பழகிய குரல். மறுநாள் இரண்டு பேரும் ஆட்டோவில் காரைப் பின்தொடர்ந்தோம். கடையைத் தாண்டி, கோயில் வீதி திரும்பி, ஒரு பெரிய மதில் வீட்டுக்குள் கார் நுழைந்தது.

"கொஞ்சம் பொறு" என்றார் அண்ணன். "கையும் களவுமா பிடிக்கணும்."

அந்தக் 'கொஞ்சம்' எனக்குப் போதவில்லை. ஆனாலும் பொறுத்தேன். பிறகு கேட்டைத் தள்ளிக்கொண்டு போனோம். ஓட்டுக் கூரை போட்ட கொட்டகையில் எங்கள் கார் சொகுசாக நின்றது. உறையும் இல்லை, திரையும் இல்லை. வீட்டு வாசலில் என் கணவர். காலையில் போட்டுக்கொண்டு போன காற்சட்டையைக் காணோம். இடுப்பில் யாருடையதோ வெள்ளைச் சாரம்.

"இது யாரு சாரம்?" என்று அலறினேன்.

"எங்க அந்த நோனா? வெளிய வரச் சொல்லு" என்று அண்ணன் என்னைத் தாண்டி உள்ளே பாய்ந்தார்.

பாய்ந்தவர் அப்படியே நின்றார். கூடத்தில் வரிசையாகப் பிக்குமார் அமர்ந்திருந்தார்கள். சுற்றிலும் வெள்ளை உடுத்த சொந்தபந்தங்கள். தானம் நடந்துகொண்டிருந்தது. எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. அண்ணன் இரண்டு கையையும் கூப்பி, முழங்காலில் விழுந்தார். அப்புறம் எழும்பவேயில்லை.

எழுபது வயது இருக்கும் ஒரு அம்மாள் கையில் பருப்புச் சட்டியோடு வந்தார். அவர்தான் நோனா. காலமான கணவருக்காகக் கொடுக்கும் தானம் அது.

"ரவி மாத்தயாகே நோனாத? எனவா துவ" என்றார். ரவி ஐயாவின் மனைவியா, வா மகளே என்று, உதவிக்கு வந்தவளைப்போல வரவேற்று, சட்டியை என் கையில் கொடுத்தார். கலைந்த தலையோடு பிக்குமாருக்குப் பருப்புப் பரிமாறினேன்.

எல்லாம் முடிந்து அவர்கள் போன பிறகுதான் ரவியிடம் பேச முடிந்தது.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"நீ தச்சத மாட்டிக்கிட்டு கடை வாசல்ல நிப்பாட்டுனா, வாறவன் எல்லாம் யாரு வீட்டு கல்யாணம்னு கேக்குறான். கழட்டுனா வெயில் திங்குது. நோனாவோட மகன் வெளிநாட்டுல, கொட்டகை சும்மா கெடக்குதுன்னு அவங்களே நிப்பாட்டச் சொன்னாங்க. உன்கிட்ட சொன்னா அழுவேன்னு நெனச்சேன்."

"அந்த பூ?"

"புத்தருக்கு வச்சிட்டு, காருக்கும் ஒண்ணு வப்பாங்க."

"சாரம்?"

"காற்சட்டையில பருப்பு கொட்டிருச்சி. அது அவங்க மகனோட சாரம்."

நான் அழுதேன். அவர் பயந்த காரணத்துக்காக இல்லை.

இப்போதும் வீட்டில் யாராவது வரத் தாமதமானால், "நோனா வீட்டுல பருப்பு போடுறாங்களோ" என்றுதான் கேட்பார்கள். அண்ணன் ஆண்டுதோறும் அந்தத் தானத்துக்கு முதல் ஆளாக வெள்ளை உடுத்திக்கொண்டு வந்து, வாயே திறக்காமல் பாத்திரம் கழுவுகிறார். நோனா இப்போது போன் எடுப்பது எனக்குத்தான். இரண்டு பேரும் சிங்களத்தில் வெகுநேரம் சிரித்துப் பேசுவோம். என் கணவர் குசினி வாசலில் வந்து நிற்பார்.

"என்னப் பத்தியா பேசுறீங்க?"

"சீச்சீ, இல்லங்க" என்பேன்.

அவர் நம்புவதில்லை. நம்பவும் கூடாது.