வெண்கரட்டில் குளிர்காலம் அமலுக்கு வந்த விதம்

ஒரு காருக்கு நான்கு சக்கரம் போதும் என்றுதான் வெண்கரட்டு மக்கள் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற சாலையோரத்து ஊர் அது. அந்த நம்பிக்கையை மாற்றியவர் அறிவரசன்.

அறிவரசன் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகள் வைத்திருந்தார். தொழில் நன்றாக நடந்தது. உடம்பிலும் குறை இல்லை. அதனால் நாற்பத்தைந்து வயதில் அவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளி ஓட்டி அலுத்துப்போன சிவப்புக் காரை வாங்கி வந்தார். அதில் இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு தேங்காய்ப் பை வைக்கலாம். அவர் மனைவி சிவரஞ்சனி ஒரு தரம் ஏறி உட்கார்ந்தார். இறங்குவதற்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

கார் மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகக்கூடியது. ஆனால் தரையை ஒட்டிக் கிடந்ததால் நம் ஊர் வேகத்தடைகளில் அடிவயிறு உரசியது. ஆகவே கார் எங்கே கிளம்பினாலும் முன்னால் ஒரு டிப்பர் போகும். அதிலிருந்து ஆள் இறங்கி வேகத்தடைமேல் பலகை போடுவார். கார் தாண்டியதும் பலகையை எடுத்துக்கொண்டு டிப்பர் மறுபடி முன்னால் போகும். இந்த ஏற்பாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் டிப்பரின் வேகத்தில்தான் போயிற்று என்றாலும், பார்ப்பவர்களுக்கு அமைச்சர் வருவதுபோல இருந்தது. அறிவரசனுக்கு அதில் திருப்தி.

இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அறிவரசனும் அதில் சேர்ந்தார். மார்கழி பிறந்த சமயத்தில், ஜெர்மனியில் இருக்கும் ஓர் உறுப்பினர் எல்லாரும் குளிர்கால வீல் மாட்டியாச்சா என்று கேட்டு எழுதினார். சென்னைக்காரர் மாட்டியாச்சு என்றார். மதுரைக்காரர் போன வாரமே மாட்டிவிட்டதாகச் சொன்னார். வேலூர்க்காரர் படமே போட்டார். அறிவரசனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வெயிலுக்கு ஒரு செட், குளிருக்கு ஒரு செட் என்று கௌரவமான மனிதர்கள் எட்டுச் சக்கரத்தோடு வாழ்ந்துகொண்டிருக்க, தாம் நான்கு சக்கரத்தோடு காலம் தள்ளிக்கொண்டிருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

வெளிநாட்டிலிருந்து பார்சல் வந்தது. டயரோடு வந்த தாளைச் சிவரஞ்சனி படித்துப் பார்த்தார். இந்த ரப்பர் மெத்தென்று இருக்கும், பனியில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், சூடான ரோட்டில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று போட்டிருப்பதாகக் கணவரிடம் சொன்னார். நம் ஊரிலும்தான் பனி பெய்கிறதே என்றார் அறிவரசன். அது புல்லில் பெய்கிற பனி, இது முழங்கால் வரை கிடக்கிற பனிக்கட்டி என்று விளக்கியும் அவர் கேட்கவில்லை.

அரியலூரில் டயர் கடை வைத்திருக்கும் கலையரசன் பயபக்தியோடு வீல் மாற்றிக் கொடுத்தார். டயரின் பக்கவாட்டில் மூன்று முகடு உள்ள ஒரு மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் அச்சாகியிருந்தன. ஏதோ சாமி முத்திரை என்று நினைத்துக் கலையரசன் அதற்குச் சந்தனம் வைத்தார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, காரை வெளியே விட்டார்.

கார் வெண்கரட்டு எல்லைக்குள் நுழைந்ததும் காசிநாதன் கை காட்டி நிறுத்தினார்.

காசிநாதன் பருவப் பொருத்த ஆய்வு அலுவலகத்தின் ஆய்வாளர். அந்த அலுவலகம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்று யாரும் கேட்டதில்லை. கட்டடமும் ஜீப்பும் இருக்கும்போது வேலையும் இருக்கத்தான் வேண்டும் என்று எல்லாரும் நம்பினார்கள். காசிநாதனோ கைசுத்தமானவர். அடுத்தவர் காசில் டீ கூடக் குடிக்க மாட்டார். லஞ்சம் வாங்குகிற அதிகாரியாக இருந்திருந்தால் இந்தக் கதை இந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

அவர் குனிந்து டயரைப் பார்த்தார். சந்தனத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது என்ன படம்?"

"பனிங்க சார். குளிர்கால டயருங்க."

"இப்ப குளிர்காலமா?"

"மார்கழி மாசம் சார். காலையில கொட்டுதுங்களே."

"கொட்டுறது எனக்கும் தெரியும். நானே மப்ளர் சுத்திக்கிட்டுத்தான் நிக்கிறேன். அது என் சொந்த அனுபவம். ஆபீஸ் முறைப்படி உங்க ஊர்ல குளிர்காலம்னு உத்தரவு இருக்கா?"

அறிவரசன் அப்படியொரு உத்தரவைக் கேள்விப்பட்டதில்லை. உத்தரவு இல்லாத பருவத்துக்கு உரிய டயரைப் பொதுச்சாலையில் பயன்படுத்தியது குற்றம் என்று காசிநாதன் எடுத்துச் சொன்னார். பழைய வீலையே மாட்டிக்கொள்கிறேன் என்று அறிவரசன் கெஞ்சினார். மாட்டியிருக்கும் வீல் இப்போது வழக்குச் சொத்து, அதைக் கழற்றுவது தடயத்தை அழிப்பதாகும் என்று காசிநாதன் வருத்தத்தோடு மறுத்துவிட்டார். கார் அலுவலக வளாகத்து வேப்பமரத்தடிக்குப் போயிற்று. அன்று சாயங்காலமே காக்கைகள் அதன்மேல் தங்கள் முத்திரையைப் போடத் தொடங்கின.

வெண்கரட்டுக்குக் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர் ஜெயசித்ரா. அறிவரசன் அவரிடம் போய்க் குளிர்காலச் சான்று கேட்டார். பிறந்தவர் பிறந்தார் என்றும், செத்தவர் செத்தார் என்றும், உயிரோடு எதிரில் நிற்பவர் உயிரோடுதான் இருக்கிறார் என்றும் சான்று கொடுத்துப் பழகிய ஜெயசித்ரா இதற்கு அசரவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டும் குளிர்காலம் தர விதியில் இடமில்லை, தந்தால் ஊருக்கே தரவேண்டும், அதற்கு ஊர் மக்களிடம் விசாரணை நடத்த வேண்டும் என்றார்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் ஊர் கூடியது. உங்களுக்கெல்லாம் குளிர்கிறதா என்று ஜெயசித்ரா முறைப்படி கேட்டார். காலை பத்து மணி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் இட்லிக்கடை போட்டிருக்கும் கொளஞ்சியம்மாள்தான் எழுந்து, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"குளிருதுன்னு சொன்னா என்னம்மா குடுப்பாங்க?"

ஜெயசித்ரா விதிகளைப் புரட்டிப் பார்த்தார். குளிர்காலம் நிலவும் ஊரில் வீட்டுக்கு ஒரு கம்பளி இலவசம் என்று இருந்தது.

அந்தக் கணமே வெண்கரட்டில் கடுங்குளிர் அடித்தது. நின்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டார்கள். பழைய வார்டு மெம்பர் அய்யம்பெருமாள், ராத்திரியெல்லாம் பல் கிட்டுகிறது என்று வாக்குமூலம் கொடுத்தார். அவருடையது கட்டின பல். தூங்கும்போது டம்ளரில் போட்டு வைத்திருக்கும் பல். டம்ளருக்குள்ளேயே கிட்டுகிறது என்று விளக்கம் சொன்னார். அது அப்படியே பதிவாயிற்று.

தை பிறக்கும் முன்பே உத்தரவு வந்துவிட்டது. 'வெண்கரடு கிராமத்தில் குளிர்காலம் உடனடியாக அமலுக்கு வருகிறது. இது மறு உத்தரவு வரும் வரை நடப்பில் இருக்கும்' என்று அதில் கண்டிருந்தது. காசிநாதன் தாமே வந்து காரை ஒப்படைத்தார். அறிவரசன் மாலை போட வந்தபோது மறுத்துவிட்டு, சட்டம் தன் கடமையைச் செய்தது என்றார்.

அதன்பிறகு வெண்கரட்டின் மதிப்பே உயர்ந்துபோயிற்று. குளிர்காலம் உள்ள ஊர் என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொண்டார்கள். ஆண்கள் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு டீ குடித்தார்கள். கல்யாண மேடைகளில் வாழைமரத்தோடு தெர்மோகோல் பனியும் நின்றது. மாப்பிள்ளைகள் கோட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, முகூர்த்தம் முடிவதற்குள் இரண்டு கிலோ இளைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட, உங்கள் ஊரில் குளிர் எப்படி என்று மரியாதையாக விசாரித்தார்கள்.

கெடுதல் மாசியில்தான் தொடங்கியது. குளிர்காலப் பகுதியில் ஓடும் எல்லா வண்டிக்கும் குளிர்கால டயர் கட்டாயம் என்று காசிநாதன் நோட்டீஸ் ஒட்டினார். டிப்பருக்கும் மொபெட்டுக்கும் மாட்டு வண்டிக்கும் அப்படி டயர் கிடையாது. நல்ல வேளையாக விதியில், டயரில் மலையும் பனிப்பூவும் காணப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. கலையரசன் தகரத்தில் அச்சு வெட்டி, வெள்ளைப் பெயிண்டில் எல்லாச் சக்கரத்துக்கும் மலை போட்டுக் கொடுத்தார். காசிநாதன் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, திருப்தியோடு அனுப்பினார்.

பங்குனியில் கிணறுகள் வற்றின. கோடைக்காலத் தண்ணீர் லாரி வெண்கரட்டுக்கு மட்டும் வரவில்லை. போய்க் கேட்டதற்கு, உங்கள் ஊரில்தான் கோடை இல்லையே என்று பதில் வந்தது. சித்திரையில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் கிணற்று மேட்டில் ஆட்டம் போட, வெண்கரட்டுப் பிள்ளைகள் வகுப்பில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கோபத்தைக் காரின்மேல் சாக்பீஸால் எழுதி வைத்தார்கள். அதில் சில வார்த்தைகளை அறிவரசனே அன்றுதான் முதன்முதலாகப் படித்தார்.

காரின் நிலைமை அதைவிட மோசம். கொதிக்கிற தார்ச்சாலையில் அந்த மெத்தென்ற ரப்பர் சப்பாத்தி மாவுபோலக் குழைந்தது. ரப்பரில் வெட்டியிருந்த பள்ளங்கள் மறைந்து டயர் வழுக்கையாயிற்று. பழைய வீலை மாட்டலாம் என்றால் குளிர்காலம் நடப்பில் இருக்கிறது. அறிவரசன் ஜெயசித்ராவிடம் போய், குளிர்காலத்தை ரத்துசெய்ய வேண்டும் என்றார். அதற்கும் ஒரு விசாரணை நடந்தது. வெயில் அடிக்கிறதா என்று ஜெயசித்ரா கேட்டார். கொளஞ்சியம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, வெயில் என்று சொன்னால் கம்பளியைத் திருப்பிக் கொடுக்கணுமா என்று கேட்டார். கொடுக்கத்தான் வேண்டும் என்றார் ஜெயசித்ரா.

"அப்படின்னா இதமா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கொளஞ்சியம்மாள் உட்கார்ந்தார். அய்யம்பெருமாளும் இதமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி மறுபடி கேட்டார்கள். கொஞ்சம் குளிர் அதிகமாகிவிட்டது என்றார்.

கடைசியில் அறிவரசனும் சிவரஞ்சனியும் தாங்களே மனு எழுதிக்கொண்டு காசிநாதனைப் பார்க்கக் கிளம்பினார்கள். உச்சி வெயில். மூன்று கிலோமீட்டர் போவதற்குள், பக்கத்து ஊரான நரியோடையில் சாலை மறியல். ஸ்வெட்டரும் குல்லாயும் போட்ட நூறு பேர் தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். சூடு தாங்காமல் முறைவைத்து ஒரு பக்கம் மாற்றி இன்னொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். கோரிக்கை ஒன்றுதான். வெண்கரட்டுக்குக் கொடுத்த குளிர்காலத்தை நரியோடைக்கும் கொடுக்க வேண்டும்.

அறிவரசன் இறங்கி, கும்பிட்டபடியே நடந்ததையெல்லாம் சொன்னார். தண்ணீர் லாரி நின்றது, பிள்ளைகளுக்கு லீவு போனது, டயர் தேய்ந்தது எதையும் மறைக்கவில்லை. இந்தக் குளிர்காலத்தை ரத்துசெய்யத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று மனுவையும் காட்டினார். கூட்டம் அமைதியாகக் கேட்டது. முன்வரிசையில் தலைமை தாங்கி உட்கார்ந்திருந்த பாப்பாயி எழுந்து நின்றார்.

"உங்க ஊரு மட்டும் கம்பளி போத்திக்கிட்டு நல்லாயிருக்கணும். நாங்க இந்த வெயில்ல வெந்து சாவணும். அதானே அண்ணே?"

நியாயம் என்று கூட்டம் முழங்கியது. சிவரஞ்சனி கணவரின் கையைப் பிடித்துக் காரடிக்கு இழுத்து வந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. மனைவி சிரிப்பதைப் பார்த்து, மார்கழிக்குப் பிறகு முதல் தடவையாக அறிவரசனும் சிரித்தார்.

காசிநாதன் ஜீப்பில் வந்து சேர்ந்தார். பேச்சுவார்த்தை சுமுகமாக நடந்தது. மேலிடத்துக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, மக்களின் நியாயமான உணர்வுகளை மதித்து நரியோடையிலும் அதைச் சுற்றியுள்ள பதினோரு ஊர்களிலும் இந்த நிமிடம் முதல் குளிர்காலம் அமல் என்று அறிவித்தார். குல்லாய்கள் வானத்தில் பறந்தன. அறிவரசன் கொடுத்த மனுவை அவர் வாங்கி முழுவதும் படித்தார்.

"இதுல வெயில் கொளுத்துதுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு நிமிஷம் முன்னாடி இங்க குளிர்காலம் இல்ல, அப்ப குடுத்திருந்தா ஏத்துக்கிட்டிருப்பேன். இப்ப இது பொய்த் தகவல்."

அந்த நேரத்தில், உட்கார்ந்திருப்பவர்கள் சுருண்டு விழாமல் இருக்க வேண்டுமே என்று யாரோ ஒரு நல்ல மனுசன் சொல்லியனுப்பிய தண்ணீர் லாரி வந்து நின்றது. குழாய் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் எழுந்து அதை நோக்கி நகர்ந்தது. காசிநாதன் நடுவில் போய்க் கையை உயர்த்தினார். வறண்டுபோன உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு, குளிர்காலப் பகுதியில் தண்ணீர் லாரிக்கு அனுமதி இல்லை என்று டிரைவரிடம் தன்மையாகச் சொன்னார்.

லாரி ரிவர்ஸ் எடுத்துத் திரும்பிப் போயிற்று. கோரிக்கை உண்மையிலேயே நிறைவேறிவிட்டது என்று அதைப் பார்த்த பிறகுதான் நரியோடை மக்களுக்கு நம்பிக்கை வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.